முருகேசு மாமாவுக்காகக் குறைத்த பதினாலு கிலோ

சரவணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் அதிகம் பேசவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, அதற்குள் பன்னிரண்டு கிலோ குறைக்க வேண்டும், அதனால் இருபத்தொரு நாளைக்கு வெறும் ஜூஸும் யாரோ நண்பன் கொடுத்த பவுடரும்தான் என்றாய். ஆபீஸிலிருந்து வரும்போது பைக்கில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ "அச்சா அம்மா, அச்சா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அரை நாள் ஆகும் என்று தெரியும். ஆகட்டும். அந்த அரை நாளாவது பைக்கை எடுக்காமல் இரு. உன் அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, பரீட்சையா எழுதுத?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் உடம்புக்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது. நீ சின்னப் பிள்ளையில் ஒல்லியாக இருந்தாய். ஒருமுறை ஆபீஸுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது பக்கத்து சீட்டுக்காரி உன் கையைப் பிடித்துப் பார்த்து, மதராசிகள் பிள்ளைக்கு வெறும் ரசம்தான் ஊற்றுவார்களா என்று இந்தியில் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வெறி. பூரி, உருளைக்கிழங்கு, நெய் ஊற்றின பருப்பு, நீ போதும் என்று கையை மறித்த பிறகு ஒரு தோசை. இரண்டே வருஷத்தில் உன் கன்னம் பன் மாதிரி ஆனது. நான் பெருமையாக அதே சீட்டுக்காரியிடம் உன்னைக் கொண்டுபோய்க் காட்டினேன். நீ மிச்சம் வைத்ததையெல்லாம் நான் சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் சமோசா, யாருக்காவது பிரமோஷன் என்றால் பர்ஃபி, ஒன்றும் இல்லாத நாளில் கேன்டீன் பிரெட் பக்கோடா. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நம் வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, காய்கறிப் பை கனக்கிறது என்று பையின் மேல் பழி போடுவேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது என் எடை எண்பத்திரண்டு கிலோ. உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.

அந்த வருஷம்தான் முருகேசு மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. உனக்கு அது ஞாபகம் இருக்கும். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து சைக்கிளில் வந்து உனக்கு கிரிக்கெட் பந்து வீசிக்கொண்டிருந்த மனிதர், வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மிஷினோடு படுத்திருந்தார். ஒரு சிறுநீரகம் கொடுக்கலாம் என்றால் அவர் மனைவி, உன் அத்தைக்கு ரத்தம் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. ஒரே ஒரு தம்பி, நான் தராமல் யார் தருவது என்று நான் மார்தட்டிக்கொண்டுதான் போனேன். டாக்டர் என் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பி.பி. எல்லையில் இருக்கிறது, சர்க்கரையும் எல்லையில் இருக்கிறது, இந்த எடையில் உங்களிடமிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் நாளைக்கு நீங்களே நோயாளி ஆகிவிடுவீர்கள், பதினாலு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். எவ்வளவு நாளில் என்று உன் அப்பா கேட்டார். "அவசரப்படக் கூடாது, ஆனால் தாமதமும் செய்யக் கூடாது" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டே இருந்தோம்.

நான் அவசரப்பட்டேன். மறுநாளிலிருந்து காலையில் ஒரு வெள்ளரிக்காய், மத்தியானம் ஒரு டம்ளர் மோர், ராத்திரி இன்னொரு வெள்ளரிக்காய். யார் சொன்னதும் கேட்கவில்லை. நான்காம் நாள் ஆபீஸ் விட்டு பஸ்ஸில் ஏறும்போது படிக்கட்டிலேயே கால் மடங்கி விழுந்தேன். கண்டக்டர்தான் கையைப் பிடித்து இழுத்தான். இல்லையென்றால் பின்சக்கரத்தின் பக்கம் போயிருப்பேன். ஒரு சர்தார் தன் டிபன் டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த பராத்தாவை எடுத்து என் கையில் வைத்து, "காவோ பெஹன்ஜி", சாப்பிடம்மா என்றார். பஸ் முழுக்க வேடிக்கை பார்க்க, நான் அழுதுகொண்டே தின்றேன். அவ்வளவு ருசியான பராத்தாவை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. அன்றோடு வெள்ளரிக்காய் முடிந்தது. அதற்கடுத்த வாரம் எப்போதையும்விட அதிகமாகச் சாப்பிட்டேன். எடை பார்த்தால் எண்பத்து மூன்று.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. அப்பா இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது.

எடை அதிகம் என்று டாக்டர் சொன்ன அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுப்பார்கள் என்ற பயம் எனக்குள் அவ்வளவு இருந்திருக்கிறது, அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. குண்டாக இருந்தது எனக்கு ஒரு வசதி. நான் மாட்டேன் என்று சொல்ல வேண்டாம், டாக்டரே சொல்லிவிட்டார். வெள்ளரிக்காய்ப் பட்டினியும் அந்தப் பயத்தின் வேலைதான் என்று இப்போது நினைக்கிறேன். நான்கு நாளுக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாத ஒன்றைத் தேடிப் பிடித்துச் செய்தேன். முயற்சி செய்தேன், முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் நடித்தேன். எல்லோர் முன்னாலும் இரண்டு சப்பாத்தி, தனியாக இருக்கும்போது கையில் கிடைத்தது எல்லாம்.

தீபாவளிக்குப் பிறகு கீழ்வீட்டு கப்பூர் ஆன்ட்டி கொடுத்த லட்டு டப்பா காணாமல் போனது நினைவிருக்கிறதா? அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து காலி டப்பாவை உன் அப்பா கண்டெடுத்தார். உன்னைக் கூப்பிட்டு, "ஏல, மாமாவுக்காவ அம்மா வயித்தக் கட்டிக்கிட்டுக் கெடக்கா, நீ ஒளிச்சு வச்சுத் திங்கியோ?" என்று கத்தினார். நீ, "கசம் சே அப்பா, சத்தியமா நான் எடுக்கல" என்றாய். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தேன். அப்பா உன் கிரிக்கெட் பேட்டை எடுத்து அலமாரியின் மேல் போட்டு, ஒரு வாரம் விளையாட்டு கிடையாது என்றார். அந்த லட்டு பன்னிரண்டையும் தின்றது நான். மூன்று நாளில், நின்றுகொண்டே, ருசிகூடத் தெரியாமல். நீ என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அறைக்குள் போனாய். உனக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை மேல் பழியைப் போட்டுவிட்டு நின்ற அம்மாவை மன்னித்துவிடு. இதை நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாக வாய் வரவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாமாவைப் பார்க்கப் போனேன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குத் தண்ணீரும் அளவுதான், உனக்குத் தெரியுமே. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டு, அது கரைகிறவரை பேசாமல் இருந்தார். குடித்தால் ஒரே மடக்கில் தீர்ந்துவிடும், இப்படி என்றால் கொஞ்ச நேரம் வரும் என்று அப்புறம் விளக்கம் சொன்னார். என்னைப் பார்த்து, "என்னக்கா, எளச்ச மாதிரி இருக்கியே" என்றார். நான் இளைக்கவில்லை, சரவணா. ஒரு கிலோகூட இளைக்கவில்லை. அவர் எனக்காகச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. லட்டைச் சொன்னேன், நடிப்பைச் சொன்னேன், ஆபரேஷன் என்றாலே பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். அத்தை சமையலறையில் இருந்தாள், அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

மாமா ஈரத் துண்டை மடித்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: "நீ குடுக்கலேன்னாலும் எனக்கு நீதான் அக்கா. பயமா இருக்குன்னு சொல்லுத பாரு, அதுவே போதும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. இம்புட்டு நாளு தனியா பயந்துக்கிட்டு இருந்தேன், இனிமே ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா பன்னெண்டு லட்டுல எனக்கு ஒண்ணு வச்சிருக்கலாம்லா" என்றார். அத்தை உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய் ஸ்டூல் போட்டு அலமாரியின் மேலிருந்து உன் பேட்டை இறக்கினார். அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது என்று நீ குதித்தாய். "அவன்கிட்ட நீயே சொல்லிரு" என்றார் என்னிடம். அதைத்தான் இப்போது செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையாகவே தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவரே என்னைவிடக் குண்டு. நான் அவரைப் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு, "முஜே மத் தேக்கோ, கட்டோரி தேக்கோ" என்று ஒரு சின்னக் கிண்ணத்தை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காதே, கிண்ணத்தைப் பார். சோறு அந்தக் கிண்ணத்தால் ஒன்று, பருப்பு ஒன்று, காய் இரண்டு, தயிர் ஒன்று. சோற்றை விட வேண்டாம், இட்லியை விட வேண்டாம், எதையும் விட வேண்டாம், அளவை மட்டும் மாற்று என்றார். எண்ணெயைக் கையால் சாய்க்காமல் கரண்டியால் ஊற்றச் சொன்னார். ஆபீஸ் சமோசா வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பாதியைத் தின்னு, மீதியை உனக்குப் பிடிக்காதவருக்குக் கொடு என்றார். பக்கத்து சீட்டுக்காரி அந்த வருஷம் நான்கு கிலோ கூடினாள்.

நடைதான் கஷ்டம். எனக்கு சல்வார் கமீஸ் போட வெட்கம், செருப்போடு நடந்தால் குதிகால் வலி. கடைசியில் புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. கப்பூர் ஆன்ட்டி பால்கனியிலிருந்து, "அரே, சாடி கே நீச்சே ஜூதே?" என்று கத்த, கீழே பால் வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். புடவைக்கடியில் ஷூவை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. தெருநாய்களுக்காக நீ ஒரு குச்சியோடு கூட வந்தாய். காலை ஐந்தரை மணி, பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல். பூங்காவைச் சுற்றி எத்தனை ரவுண்டு ஆயிற்று என்று எண்ணுவது உன் வேலை. மூன்றாவது முடிந்ததும், "ரெண்டுதான்மா ஆச்சு, ஏக் அவுர், இன்னும் ஒண்ணு" என்பாய். நீ ஏமாற்றுகிறாய் என்று எனக்கு முதல் வாரமே தெரியும். தெரியாத மாதிரியே நடந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல நடிப்பு அது ஒன்றுதான்.

முதல் மாதம் இரண்டு கிலோ, அடுத்த மாதம் இரண்டு கிலோ. பிறகு மார்கழிக் குளிரில் எழுபத்தொன்பதில் வந்து நின்றது. மூடுபனியில் பூங்காவில் பக்கத்து ஆள் தெரியாது, நடக்கப் போக வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார். அதனால் நம் மாடிப்படியிலேயே ஏறி இறங்கினேன். மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே. ஒவ்வொரு தடவையும் கப்பூர் ஆன்ட்டி கதவைத் திறந்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்பார். மூன்றாம் நாள் விஷயத்தைச் சொன்னேன். தம்பிக்காக என்றதும் அவர் உள்ளே போய், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து என்னோடு ஏறத் தொடங்கினார். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு அல்வா வருவது நின்று, முள்ளங்கியும் கேரட்டும் நறுக்கின தட்டு வந்தது. அப்பா காய் நறுக்கக் கற்றுக்கொண்டதும் அந்தக் குளிரில்தான். அவர் பீன்ஸ் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் இருக்கும், ஆனால் சமையல் பத்து மணிக்குத்தான் முடியும்.

இரண்டு மாதம் முள் அசையவில்லை. ஆஸ்பத்திரித் தராசில் நின்று அழுதிருக்கிறேன். அந்தக் குண்டு அம்மா ஒரு டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்து, பழைய அளவையும் புதிய அளவையும் காட்டினார். மூன்று அங்குலம் குறைந்திருந்தது. பி.பி.யும் இறங்கியிருந்தது. முள் என்ன சொல்கிறதோ சொல்லட்டும், நீ நட என்றார். நடந்தேன். பனி விலகியதும் திரும்பப் பூங்கா, திரும்ப நீயும் உன் குச்சியும். மாங்காய்க் காலம் வந்தது, ஊறுகாய் போட்டேன், தொட்டுக்கொள்ள மட்டும். எட்டு மாதமும் சில நாட்களும் கழித்து அதே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அறுபத்தெட்டரை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அரை கிலோவை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கி மாட்டி என்னைப் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலிலிருந்து மாமா, "அக்கா, பயப்படுதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நானுந்தான்" என்றார். என்னை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கண் விழித்தபோது வலியில் உயிர் போனது. நர்ஸிடம் முதலில் தம்பியைத்தான் கேட்டேன். உங்கள் சிறுநீரகம் அங்கே போனதும் வேலையை ஆரம்பித்துவிட்டது, உங்களைவிடச் சுறுசுறுப்பு என்றாள். நான்கு நாள் கழித்து என்னைச் சக்கர நாற்காலியில் அவரிடம் கூட்டிப் போனார்கள். தொற்று வந்துவிடக் கூடாது என்று அறைக்குள் விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். மாமா என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த ஜக்கை எடுத்தார். டம்ளரில் ஊற்றி, எனக்குக் காட்டி, ஒரே மடக்கில் குடித்தார். இன்னொன்று ஊற்றி அதையும் குடித்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில், தையல் வலிக்கும் என்று சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாமா நன்றாக இருக்கிறார், மாத்திரைகள் உண்டு, பரிசோதனைகள் உண்டு, உன் கல்யாணத்துக்குப் பந்தி விசாரிப்பது தான்தான் என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் ஒல்லியாகிவிடவில்லை. இன்றைக்கும் அறுபத்தெட்டுக்கும் எழுபதுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறேன். யாரும் என்னைப் பார்த்து அழகாகிவிட்டாய் என்று சொன்னதில்லை. ஆனால் மூன்று மாடியை நிற்காமல் ஏறுகிறேன், ஒரே சிறுநீரகத்தோடு. நாள் தவறாமல் நடக்கிறேன் என்று பெருமைக்குச் சொல்லமாட்டேன், மழை நாளில் போர்வைக்குள் கிடந்ததும் உண்டு. மறுநாள் திரும்பப் போய்விடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ரகசியம்.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாது. கல்யாண போட்டோவுக்கா, மதுமிதாவின் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்றா. மதுமிதா செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்தாள். நீ ஜூஸ் குடிப்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "ஆன்ட்டி, அவர் சாப்பிடாம இருந்தா எங்கிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழறார், இப்படியே கல்யாணம் ஆச்சுன்னா என்ன செய்யறது?" என்று கேட்டாள். குண்டான மாப்பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடை குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் குறை. உன் வயதில் உன் அப்பாவுக்கு மூச்சு வாங்காது, உனக்கு வாங்குகிறது. ஆனால் ஏழு வாரத்தில் அல்ல. ஏழு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தால் போதும். மீதி ஒன்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு சேர்ந்து நடந்து குறை. கண் இருட்டியதற்கு ஒரு டாக்டரைப் பார்த்துவிடு, அதில் பேச்சே இல்லை. அந்தப் பவுடரை உன் நண்பனிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து உன் தெருமுனை மெஸ்ஸுக்கு நடந்து போ. பைக் வேண்டாம். சூடாக மூன்று இட்லி, சாம்பார் நிறைய, சட்னி கொஞ்சம். உட்கார்ந்து, மென்று, நிதானமாகச் சாப்பிடு. திரும்பி வரும்போது சுற்றுவழியாக வா.

உன் அம்மா